காசா, சும்மாவா? செந்தோசாவில் அம்மாவோடு மூன்று பகல்

2025 மே 17, சனி. தருமபுரி – பெங்களூரு

கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு சிங்கப்பூர் எதற்கு என்று கடைக்கு வருகிறவர்கள் இரண்டு மாதமாகக் கேட்டார்கள். காரணம் என் மச்சான், மனைவியின் தம்பி. அங்கே கட்டட வேலையில் சூப்பர்வைசர். ஊருக்கு வரும்போதெல்லாம் "மாமா, அத்தையைக் கூட்டிட்டு ஒரு தடவை வந்துடுங்க" என்பான். சரி சரி என்று தலையாட்டியே மூன்று வருஷம் ஓட்டியாயிற்று. இந்தத் தடவை கிளம்பிவிட்டோம்: நான், மனைவி, நாலாம் வகுப்பு முடித்த பாப்பா, அறுபத்தெட்டு வயது அம்மா.

ஊர் முழுக்கச் சுற்றும் திட்டம் இல்லை. மூன்று பகலும் செந்தோசா தீவுக்குத்தான். பாப்பா யூடியூபில் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுறா போகும், முறம் மாதிரி திருக்கை போகும். அந்த அக்வேரியம் செந்தோசாவில்தான் இருக்கிறது. நாலு மாதமாக அந்தச் சுறாவைக் காட்டித்தான் வீட்டுப்பாடம் எழுத வைத்தோம்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் பென்னாகரத்துப் பக்கம் பிறந்தவர். ஆடிப்பெருக்குக்கு மாட்டு வண்டி கட்டி ஒகேனக்கல் போய், குளித்து, பாறை மேலேயே சோறாக்கித் தின்றுவிட்டுத் திரும்பிய காலத்து ஆள். அப்புறம் அதே இடத்தில் பரிசலுக்கு ரேட்டு, வண்டி நிறுத்தக் காசு, எண்ணெய் தேய்க்கக் காசு, தொங்குபாலம் ஏறக் காசு என்று ஒவ்வொன்றாக முளைத்ததைக் கண்ணால் பார்த்தவர். அதனால் எந்தப் புது இடத்தில் கால் வைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது காசா, சும்மாவா?"

விமான நிலையத்திலேயே ஒரு சின்ன கலாட்டா. பெரிய பையில் வைக்கச் சொன்ன மாங்காய் ஊறுகாய் பாட்டிலை, உடைந்துவிடும் என்று அம்மா தன் கைப்பையில் புடவைக்குள் சுற்றி வைத்திருந்தார். ஸ்கேன் மெஷினில் மாட்டிக்கொண்டது. எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று அங்கிருந்த பெண் காவலர் கன்னடத்தில் சொன்னார். அம்மாவுக்குக் கன்னடம் வரும். ஒகேனக்கல்லுக்கு அக்கரை கர்நாடகம்தானே. "குப்பையில போடாதம்மா, உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, செந்தூரா மாங்கா, இந்த மாசம் போட்டது" என்று கன்னடத்தில் பதில் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். ஆனால் விதி விதிதான். பாட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போனது. விமானம் மேலே ஏறுகிற வரை அம்மா அதைப் பற்றித்தான் பேசினார்.

மே 18, ஞாயிறு. தேக்கா

காலையில் இறங்கியதும் முகத்தில் ஈரத் துணியைப் போட்ட மாதிரி இருந்தது. நம்மூர் வெயிலில் நிழலுக்குள் போனால் தப்பிக்கலாம். இங்கே நிழலிலும் சட்டை முதுகோடு ஒட்டுகிறது.

அறை லிட்டில் இந்தியாவில். அந்தப் பகுதியை நம்மவர்கள் தேக்கா என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலைக்கு லீவு விட்ட ஆட்கள் தெரு கொள்ளாமல் நின்றார்கள். மச்சானும் இரண்டு நண்பர்களோடு வந்துவிட்டான். நாங்கள் பேசிக்கொண்டு போவதைக் கேட்டு ஓர் ஆள் பின்னாலேயே வந்து, "நீங்க தருமபுரிப் பக்கமா?" என்றார். ஊத்தங்கரைக்காரராம், வந்து ஏழு வருஷம். சிங்கப்பூரில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: "மழை பேஞ்சுதா? பாலக்கோட்டுல தக்காளி என்ன விலை?" எனக்கு விலை தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நடுத்தெருவில் நின்று இருவரும் கால் மணி நேரம் தக்காளி பேசினார்கள். போகும்போது பாப்பா கையில் ஒரு சாக்லெட்டைத் திணித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் தேக்கா சென்டர். கீழே மீன், கறி, காய்கறிச் சந்தை. அதே கட்டடத்தில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். உட்கார இடமே இல்லை. ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது, அதன் மேல் ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட். அம்மா உட்கார்ந்தார். "பரவால்லயே, இதெல்லாம் சும்மா குடுக்கறான்" என்று பாக்கெட்டைப் பிரித்து முகம் துடைத்து, பாப்பாவுக்கும் ஒன்று கொடுத்தார். தட்டோடு வந்த ஒரு சீன அம்மா எங்களையும் பிரித்த பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சான் ஓடிவந்து விளக்கினான். இங்கே டிஷ்யூ பாக்கெட் வைத்தால் பஸ்ஸில் துண்டு போட்ட மாதிரியாம். இடம் பிடித்துவிட்டுத்தான் அவர் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார்.

நான் எழுந்து நெளிந்தேன். அந்த அம்மா கோபப்படவில்லை. கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தானும் ஓரமாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டார். அம்மா அவருக்கு ஊரிலிருந்து கொண்டுபோன தட்டை முறுக்கை நீட்டினார். அவர் ஒன்றை எடுத்துக் கடித்து, காரத்தில் கண்ணீர் விட்டு, அம்மா கையிலிருந்த டிஷ்யூவை வாங்கித் துடைத்துக்கொண்டார்.

விலை என்று பார்த்தால் மசாலா தோசை நாலு, மட்டன் பிரியாணி எட்டு, டீ ஒன்றரை. இந்த ஊரில் டீயைத் தே என்கிறார்கள். டாலரை வெள்ளி என்கிறார்கள். கடைக்காரர் "மொத்தம் இருபத்தேழு வெள்ளிம்மா" என்றதும் அம்மா திரும்பி மருமகளின் கொலுசைப் பார்த்தார். ஒரு வெள்ளி சுமார் 66 ரூபாய் என்று சொன்னேன். அதற்கப்புறம் அம்மாவும் டீ மட்டும் போதும் என்றார். நானும் அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஜெராக்ஸில் கணக்குப் போட ஆரம்பித்தேன், பக்கம் இரண்டு ரூபாய். டீ ஐம்பது பக்கம்.

மே 19, திங்கள். செந்தோசா, முதல் நாள்

மச்சானுக்கு வேலை. நாங்களே போனோம். லிட்டில் இந்தியாவில் ஏறினால் அதே ரயில் ஹார்பர்ஃபிரண்டில் கொண்டுபோய் விடுகிறது, கால் மணி நேரம்கூட இல்லை. ரயில் நிலையத்தில் தமிழிலும் அறிவிப்பு வருகிறது. இடைவெளியைக் கவனிக்கச் சொன்ன குரலுக்கு அம்மா "சரிம்மா" என்றார்.

அங்கே ஒரு பெரிய ஷாப்பிங் மால். அதன் மூன்றாவது மாடியிலிருந்து தீவுக்கு மோனோரயில். ஆளுக்கு 4 வெள்ளி, நாலு பேருக்குப் பதினாறு, அதாவது 528 பக்கம். ஆனால் திரும்பி வர டிக்கெட் கிடையாது. தீவுக்குள்ளும் அதே ரயிலில் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் காசில்லை. இதை அம்மாவால் நம்ப முடியவில்லை. "போகத்தான் காசு, வர சும்மாவா? ஒகேனக்கல்லுல நடு ஆத்துல வச்சுல்ல இன்னும் நூறு குடுங்கறான்" என்றார்.

பெயரைக் கேட்டதிலிருந்து அவர் சந்தோசா என்றுதான் சொல்கிறார். அது பெரிய தப்பும் இல்லை. மலாயில் செந்தோசா என்றால் அமைதி; அந்தச் சொல்லே சமஸ்கிருத சந்தோஷத்திலிருந்து போனதுதான். அதற்கு முன்னால் இந்தத் தீவுக்குப் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. பிளாக்காங் என்றால் பின்புறம், மாத்தி என்றால் சாவு. பிரிட்டிஷ் ராணுவம் இருந்த தீவு. ராணுவம் போன பிறகு சுற்றுலாவுக்கென்று ஒதுக்கி, பெயரையும் மாற்றினார்கள். 1972-இல் தீவை நடத்த ஒரு கழகமே அமைத்தார்கள். சாவு என்ற பெயரை வைத்துக்கொண்டு யாரை டிக்கெட் எடுக்க வைப்பது?

நேராக அக்வேரியத்துக்குத்தான் போனோம். பாப்பா முன்னால் ஓடினாள். வாசலில் ஆளே இல்லை. ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். பெரிதாக்கி, வேறு பெயரில் ஜூலையில் திறக்கப்போகிறார்களாம். முழுக்க முழுக்க என் தப்பு. பிப்ரவரியில் பார்த்த வீடியோவை நம்பி, மே மாதம் ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. கடையில் ஆதார் கார்டில் ஓர் எழுத்து மாறினாலே கண்டுபிடிக்கிறவன் நான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததைத் தாங்குவதுதான் கஷ்டம்.

பாப்பா சத்தம் போட்டு அழவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கழற்றிக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மூடறதுக்கு முன்னால சுறாவெல்லாம் சாப்பிட்டுச்சோ என்னமோ" என்றார். அது எப்படி ஆறுதல் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் பாப்பா எழுந்தாள்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற 350 மீட்டர் நடைபாதை ஒன்று இருக்கிறது. சென்சரிஸ்கேப் என்று பெயர், 2024-இல் திறந்தது. செடி, வாசனை, ஓசை, தொட்டுப் பார்க்கும் சுவர் என்று ஒவ்வொரு புலனுக்கும் ஒரு பகுதி. இந்தப் பக்கம் முன்பு சிங்கத் தலையும் மீன் உடலுமாக 37 மீட்டர் உயர மெர்லயன் சிலை நின்றது. இதற்காகத்தான் அதை இடித்தார்கள். "காசா?" என்றார் அம்மா. சும்மா என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு செடியையும் தொட்டு, கிள்ளி, முகர்ந்து பார்த்தார். பாதியை எங்கள் தெருவிலேயே பார்த்திருப்பதாகச் சொன்னார்.

கடற்கரையும் சும்மாதான். சிலோசோ, பலவான், தஞ்சோங் என்று வரிசையாக மூன்று. மணல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. கரைக்கு முன்னால் பாறைகளைப் போட்டு அலையைத் தடுத்திருப்பதால் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ராமேஸ்வரமும் மெரினாவும் பார்த்த அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது கடலா, கே.ஆர்.பி. டேமா?" என்றார். ஆனால் குழந்தைகள் குளிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. பாப்பா தண்ணீரில் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதுவும் அரை மணி நேரம்தான். மூன்று மணி வாக்கில் தெற்கே கறுத்தது. ஒரு சொட்டு விழுவதற்கு முன்னாலேயே ஒலிபெருக்கியில் மின்னல் எச்சரிக்கை வந்தது. லைஃப்கார்ட் விசில் அடித்து எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். ஒருவரும் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சவில்லை. நான்தான் கெஞ்சலாமா என்று யோசித்தேன். அடுத்த பத்து நிமிஷத்தில் வானம் பிளந்தது. ஒரு கூரைக்குக் கீழே ஐம்பது பேர். பாப்பா நடுங்குவதைப் பார்த்து ஒரு மலாய்க் குடும்பத்து அம்மா தன் பிள்ளையின் துண்டைக் கொடுத்தார், காய்ந்த துண்டு. திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். அந்தத் துண்டு இப்போது எங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிறது.

மழையில் நின்றபோது தாகம். கடையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் 3 வெள்ளி. நூறு பக்கம். வாங்கிக் குடித்து முடித்துத் திரும்பினால், கூரைக்கு அந்தப் பக்கமே குடிதண்ணீர்க் குழாய். இந்த ஊரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று மச்சான் முதல் நாளே சொல்லியிருந்தான். அம்மா அந்தக் காலி பாட்டிலைக் கடைசி நாள் வரை விடவில்லை.

மே 20, செவ்வாய். செந்தோசா, இரண்டாம் நாள்

இன்றைக்கு அம்மா தலைமையில் போனோம். "இன்னிக்கு ஒரு காசு செலவு பண்ணக் கூடாது" என்றார். அறையில் கெட்டிலும் ஒரு சின்ன குக்கரும் இருந்தன. விடியற்காலையில் எழுந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறிப் பொட்டலம் கட்டிவிட்டார். ராகி மாவையும் எடுத்துக் களி கிண்டப் பார்த்தார். கெட்டிலில் களி கிண்ட முடியாது என்று நான் கெஞ்சியதில் அது மட்டும் தள்ளிப்போனது.

மோனோரயில் ஏறாமல் நடந்தே தீவுக்குப் போகலாம். கடலுக்கு மேலே கூரை போட்ட நடைபாதை, முக்கால் கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். நடக்கக் காசில்லை. முட்டி வலிக்கிறவர்களுக்கு ஆங்காங்கே நகரும் பாதை. அம்மா அதன் மேல் ஏறி நின்று, வழியில் போகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். இடது பக்கம் மேலே நேற்று நாங்கள் பதினாறு வெள்ளி கொடுத்த மோனோரயில் போயிற்று. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

தீவுக்குள் பஸ்ஸுக்கும் டிக்கெட் இல்லை. அம்மா படியில் நின்று சுருக்குப் பையை அவிழ்த்தார். ஓட்டுநர் தமிழர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரிப் பேச்சு. "காசு வேணாம்மா, ஏறுங்க, சும்மாதான்." அம்மா உட்கார்ந்தார். எல்லோரும் இறங்கும் இடத்தில் இறங்கவில்லை. "இன்னொரு சுத்து போலாம்" என்றார். இரண்டு சுற்று போனோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மேட்டுப் பக்கம் மரங்களுக்குள் கப்பெல்லா ஹோட்டல் இருக்கிறது. 2018 ஜூன் 12-ஆம் தேதி டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்தித்தது அங்கேதான். அம்மாவிடம் சொன்னேன். அதே நேரம் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மயில் சாலையைக் கடந்தது. டிரம்ப் அடிபட்டுப்போனார்.

மயில்கள் இந்தத் தீவில் தன் பாட்டுக்குத் திரிகின்றன. கூண்டு இல்லை, பலகை இல்லை, உணவு கொடுக்காதே என்ற அறிவிப்பு மட்டும் உண்டு. வெள்ளைக்காரர்கள் கேமராவோடு மண்டியிட்டார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அப்புறம் சிலோசோ கோட்டை. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். இதற்கும் காசில்லை. மரங்களுக்கு மேலே பதினோரு மாடி உயரத்தில் 181 மீட்டர் நீளத்துக்கு ஒரு வான்பாலம் போகிறது. ஏற லிஃப்ட் இருக்கிறது. பாலத்தின் நடுவில் கண்ணாடித் தரை வருகிற இடத்தில் மனைவி கம்பியைப் பிடித்தவள் விடவே இல்லை. அம்மா அதன் மேலேயே நின்று கீழே பார்த்து, "நம்ம தொங்குபாலத்துல கீழ தண்ணி ஓடும், இங்க மரந்தான்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை.

துறைமுகத்துக்குள் வரும் கடல்வழியைக் காக்க 1870-களில் பிரிட்டிஷார் கட்டிய கோட்டை இது. பீரங்கிகள் அப்படியே இருக்கின்றன. கடல் வழியாக வருவான் என்று காத்திருந்தார்கள். ஜப்பானியப் படை மலாயா வழியாகத் தரையில் இறங்கி வந்தது. இந்தப் பீரங்கிகளைச் சிங்கப்பூர் பக்கமே திருப்பிச் சுட்டும் ஒன்றும் ஆகவில்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அந்தக் காட்சியை மெழுகு பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர்களைப் பார்த்து பாப்பா கேட்டாள்: "இவங்க எல்லாம் நிஜமா தோத்தவங்களா?"

இந்தத் தீவைப் பற்றி முன்பே படித்த ஒன்றை பாலத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். சியா தை போ என்று ஒருவர், எதிர்க்கட்சி எம்.பி.யாக இருந்தவர். 1966-இல் பிடித்துப் போய், விசாரணையே இல்லாமல் 22 வருஷத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். 1989-இல் வெளியே விட்டபோதும் வீட்டுக்கு விடவில்லை. இந்தச் செந்தோசாவில் ஓர் அறை உள்ள காவலாளி வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மூன்று வருஷம் அங்கே. நீ இப்போது சுதந்திர மனிதன் என்று சொல்லி, அந்த அறைக்கு அவரிடமே வாடகை கேட்டார்கள். சுற்றிலும் சுற்றுலாப் பயணிகள், நடுவில் அவர்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அடைச்சு வச்சதுக்கும் காசா?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் கடற்கரையில் ஒரு மரத்தடியில் புளியோதரை. பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் அட்டைப் பெட்டியில் கோழியும் சோறும் வைத்துச் சாப்பிட்டது. இரண்டு பக்கமும் ஒரு கரண்டி மாறியது. எதிரே கடலில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன, எட்டிய கண்ணுக்கெல்லாம் கப்பல். அம்மா எண்ண ஆரம்பித்தார். ஐம்பத்தேழு வரை போனார், ஒன்று நகர்ந்ததால் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒன்றரை மணி நேரம். நான் அப்படியே மணலில் தூங்கிப்போனேன். எழுந்தபோது முதுகில் எறும்பு கடித்த தடிப்பு. அம்மா அறுபத்திரண்டு என்றார்.

ராத்திரி கடற்கரையில் தண்ணீர்த் திரையில் லேசர் ஒளி அடித்து ஒரு காட்சி நடக்கும், இருபது நிமிஷம். டிக்கெட் இருபது வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. நாங்கள் வாங்கவில்லை. வேலிக்கு வெளியே தள்ளி நின்றால் கதை புரியாது, பாட்டு கேட்கும், கடைசியில் விடுகிற வாணவேடிக்கை எல்லோருக்கும் பொது. "மாரியம்மன் திருவிழாவுல இதைவிட ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே அம்மா கடைசி வரை நின்றார்.

மே 21, புதன். காசு நாள்

அக்வேரியம் கைநழுவிப் போனதற்கு ஈடாக பாப்பாவைச் செந்தோசாவிலேயே இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் இருவர் மட்டும். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து 140 வெள்ளியைத் தாண்டியது. நாலாயிரத்து அறுநூறு பக்கத்துக்கு மேல் போவதால் அன்றைக்கு ஜெராக்ஸ் கணக்கை நிறுத்திவிட்டேன்.

வரிசை, வரிசை, வரிசை. ஒரு சவாரிக்கு எழுபது நிமிஷம் நின்றோம், சவாரி ஐந்து நிமிஷம்கூட இல்லை. இருட்டுக்குள் ஓடுகிற மம்மி ரோலர்கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பாப்பா 120. குதிகாலைத் தூக்கினாள். அங்கே நின்ற பையன் பார்க்காத மாதிரி பார்த்து, பிறகு தலையை ஆட்டினான். "அடுத்த வருஷம் வா" என்று அவளுக்கு மட்டும் சொல்லி, ஒரு ஸ்டிக்கர் கொடுத்தான். எனக்கு மட்டும் இடம் உண்டு என்றான். நான் போகவில்லை. உண்மையைச் சொன்னால் பயம்.

மினியன்கள் என்ற கார்ட்டூன் பொம்மைகளின் பகுதியில் பாப்பா மறுபடி சிரித்தாள். பிப்ரவரியில்தான் திறந்தார்களாம், எல்லாம் மஞ்சள். பர்கர், ஜூஸ் என்று அதற்கும் முப்பது வெள்ளி போனது. காசுக்குத் தகுந்ததா என்று கேட்டால் அவளுக்கு ஆமாம், எனக்கு இல்லை. அவளுக்குத்தானே போனது, விடுங்கள்.

அம்மாவும் மனைவியும் அதே நேரம் ஷாப்பிங் மாலில் இருந்தார்கள். குளிரூட்டிய இடம், உட்காரக் காசில்லை, மொட்டை மாடியில் குழந்தைகள் கால் நனைக்கிற குளம்கூட உண்டு. கேபிள் கார் போகலாமா என்று மனைவி கேட்டிருக்கிறாள். மவுண்ட் ஃபேபர் குன்றிலிருந்து தீவுக்கு 1974 முதல் ஓடுவது. ஆளுக்கு முப்பது வெள்ளிக்கு மேல் என்றதும், "கீழருந்து பாத்தாலே தெரியுதே" என்று அம்மா சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா மடியில் ஒரு பை. பிரித்தால் துணியில் செய்த சுறா, முழங்கை நீளம், வாய் திறந்து பல்லெல்லாம் பஞ்சு. இருபத்தைந்து வெள்ளி. நான் ஊரில் அவர் செலவுக்கென்று கொடுத்த பணத்தில் வாங்கியது. விலை பேசினாரா என்று மனைவியைக் கேட்டேன். "காசா சும்மாவான்னுகூடக் கேக்கலங்க அத்தை. எடுத்துட்டு நேரா கவுண்ட்டருக்குப் போயிட்டாங்க" என்றாள்.

பாப்பா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ரயிலில் தூங்கினாள். எதிர் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, அவளை நீட்டிப் படுக்க வைக்க இடம் விட்டு, தான் நின்றுகொண்டு வந்தார்.

மே 24, சனி. தருமபுரி

வியாழன் ராத்திரி விமானம், வெள்ளிக்கிழமை ஓசூரில் போக்குவரத்து நெரிசலில் இரண்டு மணி நேரம். அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாகக் களி கிண்டினார், கீரைக் குழம்போடு. ஆறு நாளைக்கு அப்புறம் வயிறு ஊருக்கு வந்து சேர்ந்தது. கடையைத் திறந்தேன். முதல் ஆள் சாதிச் சான்றிதழுக்கு நாலு பக்கம், எட்டு ரூபாய். அந்த மூன்று வெள்ளித் தண்ணீரை மீட்க இன்னும் இருபத்தி நாலு ஆள் வர வேண்டும்.

சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா வந்தார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பஸ்ஸு சும்மா. மயிலு சும்மா. கப்பலு அறுபத்திரண்டும் சும்மா. பீரங்கி சும்மா. குடிக்கத் தண்ணி கேட்டா மட்டும் மூணு வெள்ளி."

"தண்ணிக்கு வெள்ளியா?" அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளி விற்கிற விலையில் கேட்க வேண்டிய கேள்விதான்.

"ஆமா. அதோ, அந்தச் சுறா பொம்மை இருபத்தஞ்சு வெள்ளி."

அக்கா எழுந்து உள்ளே போய், பாப்பா மடியிலிருந்த சுறாவை வாங்கி, எடை பார்ப்பது மாதிரி ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். அப்புறம் வயிற்றுப் பக்கம் நன்றாக அமுக்கினார், வாலை அமுக்கினார், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"இதுல எங்கம்மா இருக்குது வெள்ளி? உள்ள வச்சுத் தச்சிருக்கானா?"